பெட்டி கொடுத்த ரைட்

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று நான் "வாலாஜா, வாலாஜா" என்று கூப்பிட்டால், வாலாஜாபாத் ரைஸ் மில் களத்தில் நெல் பொறுக்கும் புறாக்கள் எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு உட்காரும். பாலாற்றில் தண்ணீர் ஓடும் வருஷத்தில் தண்ணீர் ஒரு முழம் ஒதுங்கும், ஓடாத வருஷத்தில் மணல் ஒதுங்கும். அரசு பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க, தூங்கிப்போய் ஊரைத் தாண்டிய பயணி ஒருத்தர் கிடையாது. ஒருமுறை மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த ஒரு ஆசாமியை, போய்விட்டார் என்று எல்லோரும் தீர்மானித்து அழவும் ஆரம்பித்த பிறகு, "ஓரிக்கை ஸ்டாப்பு எறங்கு" என்று ஒரு குரல் கொடுத்தேன். எழுந்து பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்பாள் என் மனைவி அம்முலு. அவள் அந்த வண்டியில் வரவில்லை.

ரிட்டயரானதும் குரலுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் "ரசம் ஊத்து" என்றால் எதிர் வீட்டுக்காரர் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார்.

"இந்தாய்யா, நான் எதுர்ல தான கீறேன்? செங்கல்பட்டுக்கா கேக்கணும்?" என்பாள் அம்முலு.

இப்படி வீட்டில் துருப்பிடித்துக்கொண்டிருந்த என்னைத் தேடித்தான் ஸ்ரீகாந்த் வந்தான். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்ஜினியர். பார்வை இல்லாதவர்கள் துணை இல்லாமல் பஸ் ஏற ஒரு ஏற்பாடு, நம்ம ஊரில் சோதனை பார்க்கிறோம் என்றான். பஸ்ஸின் முன் படிக்கட்டுக்கு மேலே ஒரு பெட்டி. ஏறுகிறவர் கழுத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி, அதில் இரண்டு பொத்தான். மேல் பொத்தானை அழுத்தினால் நிற்கிற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தன் ஊர்ப் பெயரைச் சொல்லும். வேண்டிய பெயர் வந்ததும் கீழ்ப் பொத்தானை அழுத்தினால் அந்த வண்டி மட்டும் கூப்பிடும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே படிக்கட்டுக்குப் போய்விடலாம். ஒயர் கிடையாது, எல்லாம் காற்றிலேயே. முதலில் வரதன் என்பவருடைய தனியார் வண்டிகளில் மட்டும் மாட்டியிருந்தார்கள்.

"பெட்டி ரெடி சார். குரல்தான் பிரச்சனை," என்றான் ஸ்ரீகாந்த்.

கம்ப்யூட்டர் குரலை வைத்திருக்கிறான். "வா. லா. ஜா. பாத்" என்று அது ஒவ்வொரு எழுத்தாக இருமியிருக்கிறது. ஒரு ஹார்ன் அடித்தால் ஆள் காலி. முதன்முதலில் கருவி வாங்கிய பெண், சுகிர்தா என்று பேர், பிறவியிலிருந்தே பார்வை கிடையாது, அவள்தான் சொல்லியிருக்கிறாள்: "இன்னா சார் இது, ஆஸ்பத்திரில இருந்து பேசற மாரி கீது? எங்கப்பா சொல்லுவாரு, வேதகிரின்னு ஒரு கண்டக்டரு. அவர் கூப்ட்டா தூங்கற பஸ் கூட எழுந்துக்குமாம். அந்தக் கொரல வெய்யுங்க."

என்னைக் கேட்டு வாங்கியவள் அவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதுதான் தொல்லை.

ஸ்ரீகாந்த் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் ஜன்னலுக்குத் தலையணை அடைத்து ரெக்கார்டிங் நடந்தது. "ஊர் பேர மட்டும் சொல்லுங்க சார், போதும்," என்றான். போதுமாமே! பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்திரு என்கிற மாதிரி. முதல் பொத்தானுக்கு ஊர்ப் பெயரைச் சொன்னேன். இரண்டாவது பொத்தானுக்கு என்னிடம் இருந்த சரக்கு முழுவதையும் இறக்கினேன். "வாலாஜா வாலாஜா வாலாஜா! எடம் கீது, ஏறு ஏறு ஏறு! போலாம் ரைட்!"

இந்த ரைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ரைட் இரண்டு வகை. டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை ஓடிவர வைக்க வாயால் மட்டும் கொடுப்பது பொய் ரைட். டிரைவர் காதில் விழும், கால் அசையாது. உள்ளங்கையால் வண்டித் தகரத்தில் டப் டப் என்று இரண்டு தட்டு சேர்ந்தால்தான் மெய் ரைட், வண்டி கிளம்பும். இப்போதைய பிள்ளைகள் விசில் ஊதுகிறார்கள். எனக்கும் விசில் கொடுத்திருந்தார்கள், என் பேரன் அதை வைத்துத்தான் கோழி விரட்டினான். எனக்கு விசில் எதற்கு? எனக்கு முத்துகிருஷ்ணன் இருந்தான். என் சர்வீஸில் பெரும்பகுதி அவன்தான் டிரைவர். என் உள்ளங்கைக்கும் அவன் காலுக்கும் நடுவே ஒயர் இல்லாமல் ஒரு கனெக்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. நான் தட்டி முடிப்பதற்குள் சக்கரம் ஒரு சுற்று சுற்றியிருக்கும். ஸ்ரீகாந்த் இந்த சங்கதியையெல்லாம் இப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறான்.

அன்றைக்கு லாட்ஜில் "போலாம் ரைட்" என்று சொல்லி முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. மேசையைத் தட்டிவிட்டேன். டப் டப்.

"டேபிள்ல என்ன சார் சத்தம்?"

"அதான் தம்பி உசுரு. அது இல்லன்னா கூப்புட்டதே வேஸ்ட்டு."

ஸ்ரீகாந்த் சிரித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு, இருக்கட்டும்," என்றான்.

அடுத்த சில வாரங்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். ஒரு மனிதன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதே நேரத்தில் வாலாஜாபாத் வண்டியிலும் காஞ்சிபுரம் வண்டியிலும் வந்தவாசி வண்டியிலும் கூவுவது எங்கேயாவது நடக்குமா? எனக்கு நடந்தது. தினமும் காலையில் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். டீ குடிக்க என்று வெளியில் பேர். சுகிர்தா வருவாள், வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு. மேல் பொத்தான், கீழ்ப் பொத்தான். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு என் குரல் அவளைக் கூப்பிடும், அவளும் கோடு போட்ட மாதிரி நேராகப் படிக்கட்டுக்குப் போவாள். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மண்டியில் ஃபோனில் ஆர்டர் எடுக்கும் வேலை அவளுக்கு. முன்பெல்லாம் அவள் அப்பா சாம்சன் கூடவே வந்து ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு சென்ட்ரிங் வேலைக்கு ஓடுவார். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் மேஸ்திரி வேறு ஆளை எடுத்துக்கொண்டிருப்பார். பெட்டி வந்த பிறகு அவர் நேரத்துக்கு வேலைக்குப் போனார், இவள் தானாக வண்டி ஏறினாள்.

"உன் பொட்டி கூவுதுபா," என்பார் டீக்கடைக்காரர். நான் கேட்காத மாதிரி கிளாஸுக்குள் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

வாலாஜாபாத் வண்டியின் டிரைவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வரதன் கூப்பிட்டிருந்தது முத்துகிருஷ்ணனை. அவனும் ரிட்டயரானவன்தான், எப்போதாவது இப்படி மாற்று வேலைக்கு வருவான். அந்தப் பெட்டி வைத்த வண்டியில் அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறி உட்காருகிறான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். கண்டக்டர் சுப்ரமணி பின்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

சுகிர்தா வந்தாள். பொத்தானை அழுத்தினாள், கூப்பிட்டேன், வந்தாள். அந்த முதல் ரைட் முத்துவின் தூக்கத்தைக் கலைத்ததோடு சரி. கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். சரியான வண்டிதானா என்று உறுதி செய்துகொள்ள இன்னொரு தரம் அழுத்துவது அவள் வழக்கம். அழுத்தினாள்.

"போலாம் ரைட்!" டப் டப்.

வண்டி கிளம்பிவிட்டது.

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டவில்லை. அவள் கை கம்பியிலிருந்து நழுவியது. இடது கை அடியில் மாட்டிக்கொள்ளக் கீழே விழுந்தாள். குச்சி உருண்டு பின் டயருக்கு அடியில் போய் இரண்டாகிவிட்டது. டயர் அவள் பாவாடை ஓரத்தை ஒட்டி நின்றது. யாரோ கத்தினார்கள், அதனால் நின்றது.

கூட்டம் கூடிவிட்டது. சுப்ரமணி முதலில் கையைத் தூக்கினான். "நான் ரைட்டே குடுக்கல! விசில் இதோ, பாக்கெட்ல கீது பாரு!"

முத்து இறங்கி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "ரைட் கேட்டுச்சு. தட்டினாங்க. எடுத்தேன்."

"யாரு தட்னது? கனா கண்டியா?" என்றது கூட்டம்.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போது அவன் கண் டீக்கடைப் பக்கம் வந்தது. கையில் கிளாஸோடு நான் நிற்கிறேன். என்னைப் பார்த்தான், படிக்கட்டுக்கு மேலே இருந்த பெட்டியைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

பெட்டி கூவியது எல்லோர் காதிலும்தான் விழுந்திருக்கும். ஆனால் பெட்டி பேச்சைக் கேட்டு எவனாவது வண்டி எடுப்பான் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கு மட்டும் தோன்றியது. தோன்றிய அந்த நிமிஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், எல்லோரையும்விடச் சத்தமாக, "ஏன்யா முத்து, பொண்ணு ஏறுறது தெரியல? கண்ண வூட்லயே வெச்சிட்டு வந்தியா?" என்று கேட்டேன். அந்தக் குரல்தான் கூட்டத்துக்கு அடி எடுத்துக் கொடுத்தது. "கெழவனுக்கெல்லாம் எதுக்கு ஸ்டீரிங்கு", "வாய ஊதச் சொல்லு", இன்னும் என்னென்னவோ. 

சுகிர்தாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. வரதன் மாலைக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். முத்துவுக்கு இனி வேலை இல்லை. அதோடு விடவில்லை: "இன்னிக்குக் கையோட போச்சு. நாளிக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எவன் ஸ்டேஷன்ல குந்தறது? அந்தப் பொண்ண தொணைக்கு ஆள் இட்டுக்கினு வரச் சொல்லு. என் வண்டில பொட்டியே வாணாம், கழட்டுபா."

வியாழக்கிழமை வந்து கழற்றிக்கொள்கிறேன் என்று ஸ்ரீகாந்த் சொல்லிவிட்டான்.

நான் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டாள், சாப்பிட்டேன். உப்பு இல்லை என்று கேட்கவில்லை. அம்முலு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒடம்புக்கு இன்னா? சத்தத்தையே காணம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு நீ சொன்னா பெரிசா ஒண்ணு கீது."

சொல்லிவிட்டேன். அவள் கேட்டு முடித்துவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாதி சோறு அதில் இருந்தது. திரும்பி வந்து, "போய் அந்தப் பொண்ணப் பாரு. கைய வீசிக்கினு போவாத," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். ஏறக்குறைய ஒரு தோப்பையே வாங்கினேன். சாம்சன் வீடு ஊருக்கு வெளியே காலனியில், சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு. வாசலில் செருப்பைக் கழற்றினேன். பேசாமல் உள்ளே போய் நின்றேன்.

"வாங்க கண்டக்டர் சார்," என்று எழுந்தார் சாம்சன். "குந்துங்க. கலர் சோடா வாங்கியாரேன்."

"வேணாம் சாம்சன்."

"இருங்க சார், ரெண்டு நிமிசம்." போய்விட்டார். அந்த மனிதர் என்னை உபசரிக்கப் போனதில் உட்கார்ந்த நாற்காலியே முள்ளாகிவிட்டது.

சுகிர்தா கட்டிலில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஃபோன் கிடந்தது, அது ஏதோ மெசேஜைக் கிடுகிடுவென்று படித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"இன்னா கண்டக்டரே, கொரல் எங்க? பொட்டிலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

"பழம் வாங்கியாந்தேன்மா."

"வாசன வருது. கட வெக்கலாம் போல கீது." சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரைட் குட்த்தது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

பழப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

"அந்தக் கொரலு சொல்ற தெசையில தான் நான் நடக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"சொல்லல. பொட்டி சொல்லித் தான் வண்டி எடுத்தாங்கன்னா பொட்டியக் கழட்டிடுவாங்கன்னு சொம்மா இருந்தேன். பாத்தா டைவர் மேல போட்டாங்க, அப்பவும் கழட்றாங்க. நேத்து சாயங்காலம் அந்த டைவர் வந்தாரு. உள்ள வரல. வாசல்லயே நின்னுகினு மன்னிச்சுக்கோம்மான்னாரு. மன்னிப்பு கேக்க வேண்டியது அவரில்லன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரெண்டு பேருமே வாயத் தொறக்கல. நான் சரிங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன் கண்டக்டரே. அப்பலருந்து எனக்குச் சோறே எறங்கல."

"எம்பேரச் சொன்னானா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே புரிந்தது. சுகிர்தா முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"சொல்லல. மொதல்ல அத்தத் தான் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

சாம்சன் கலர் பாட்டிலோடு வந்தார். குடித்தேன். மருந்து குடிக்கிற மாதிரி இருந்தது. புறப்படும்போது சுகிர்தா சொன்னாள்: "கை சரியாவற வரைக்கும் எடத்த வெச்சிருக்கேன்னு மண்டில சொல்லிகீறாங்க. அதுக்கப்பறம் எப்டி வருவேன்னு கேக்கறாங்க. அப்பா திரும்ப வேலைய வுட்டுட்டு என்னோட அலையணும். அதுக்கு நான் வேலைய வுட்டுடுவேன். வியாழக்கெழம தெரிஞ்சிடும்."

வழியெல்லாம் யோசித்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், சொல்கிறவன் நானாக இருக்கக் கூடாது. அப்படி ஒரு வழி கிடைத்தது என்றும் நினைத்தேன். என் மூளை இந்த மாதிரி விஷயத்தில் குரலைவிடப் பெரிசு.

வியாழக்கிழமை காலை எல்லோரும் ஸ்டாண்டில் இருந்தார்கள். வரதன், ஸ்க்ரூ டிரைவரோடு ஸ்ரீகாந்த், அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சுகிர்தா. முத்துவை நான்தான் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தள்ளி நின்றான்.

"கழட்றதுக்கு முன்னாடி ஒரு சோதன பாக்கலாம்," என்றேன் வரதனிடம். "வண்டிய ஒதுக்கி வெச்சி, முன்னாடி பின்னாடி ஒருத்தரும் இல்லாம, முத்து ஒரு தடவ உக்காரட்டும். சுகிர்தா இங்கருந்தே பொத்தான அமுக்கட்டும். அப்பறம் நீங்களே பாருங்க."

திட்டம் எளிது. பெட்டி கூவும், தட்டும், முத்துவின் கால் பழக்கத்தில் வண்டியை எடுத்துவிடும். எல்லோரும் "ஓகோ" என்பார்கள். முத்துவின் மேல் இருந்த பழி போய்விடும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

வரதன் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். முத்து ஏறி உட்கார்ந்தான். இன்ஜின் ஓடியது. சுகிர்தா அழுத்தினாள்.

"வாலாஜா வாலாஜா வாலாஜா! எடம் கீது, ஏறு ஏறு ஏறு! போலாம் ரைட்!" டப் டப்.

வண்டி கல்லாக நின்றது.

"இன்னாபா இது, வித்த காட்றியா?" என்றார் வரதன்.

"இன்னொரு தபா அமுக்கும்மா."

கூவியது, தட்டியது. முத்து ஸ்டீரிங்கின் மேல் கையை மடித்து வைத்துக்கொண்டு கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் டிரைவர் ஜன்னலுக்கு ஓடினேன்.

"முத்து, எடுய்யா. உன்னக் காப்பாத்தத்தான் இத்தன ஏற்பாடு."

"தெரியும்."

"காலு தானா போவும்ல?"

"போவும். அன்னிக்குப் போச்சு. இன்னிக்குப் போவாது."

"ஏன்யா?"

அவன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான். "நான் எடுத்தா இன்னா ஆவும்? பொட்டி தான் வண்டிய எடுக்குதுன்னு இப்பவே புடுங்கிப் போட்டுடுவாரு. நானும் தப்பிச்சேன், நீயும் தப்பிச்ச, அந்தப் பொண்ணு வூட்ல குந்திக்கும். இதுக்கா என்னக் கூப்ட்ட? ஊர்ல இருக்கற அத்தினி பேர் முன்னாலயும் என்னத் திட்டத் தெரிஞ்சிதே, அந்த வாயத் தொறய்யா."

சரியாகத்தான் சொன்னான். என் அபாரமான மூளைக்கு அது எட்டவே இல்லை.

வரதனிடம் திரும்பி வந்தேன். சொன்னேன்.

"இன்னா? கேக்கல," என்றார்.

மறுபடி சொன்னேன். என் பக்கத்தில் நின்ற ஸ்ரீகாந்துக்கே கேட்கவில்லை. புறா எழுப்பும் குரல், பாலாற்று மணலை ஒதுக்கும் குரல், என் சட்டைப் பட்டனைத் தாண்டிப் போகவில்லை.

"சத்தமா சொல்லுபா! கண்டக்டர் தான நீ?"

சரி என்று கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காலத்தில் கூப்பிடுகிற மாதிரியே வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "பொட்டி ஒழுங்காதான் கீது! ஊர் பேர மட்டும் சொல்லுன்னு தம்பி சொல்லிச்சு! நான் தான் பெருமைக்கு ரைட் குட்த்து மேசையத் தட்னேன்! முத்து காலு என் கை தட்டுக்குப் பழகின காலு! அவன் மேல தப்பில்ல! அது தெரிஞ்சிகினே அவனத் திட்னேன்!"

இந்தத் தடவை சத்தம் எங்கெல்லாம் போயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. வந்தவாசி வண்டியில் ஏறியிருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். சாம்சன் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். எனக்குக் கலர் வாங்கிக் கொடுத்த அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன்யா, ரிட்டயரான ஆளு வூட்ல குந்திக்கினு பேப்பர் படிக்கக் கூடாது?" என்று வரதன் ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். எல்லாம் நியாயமான பேச்சுதான். "அந்தத் தட்டு சத்தத்த இருக்கட்டும்னு விட்டது நான் சார். எடுத்துட்டா பெட்டில ஒரு ஆபத்தும் இல்ல. அடுத்த வாரமே மாத்தித் தரேன்," என்று ஸ்ரீகாந்த் நடுவில் புகுந்தான். வரதன் பெட்டியைப் பார்த்தார், முத்துவைப் பார்த்தார்.

"பொட்டி இருந்துட்டுப் போவட்டும். முத்து, நீயும் வந்து வண்டிய எடு. இந்தாளு கொரல மட்டும் மாத்து. மெஷினே பேசட்டும்."

"மெஷின் வாணாம் சார்," என்றாள் சுகிர்தா. "ஹார்ன் அடிச்சா அது செத்துடுது. எனக்கு இந்தக் கொரலு தான் வேணும். வால மட்டும் வெட்டிட்டு வெய்யுங்க."

அவள் அதைச் சொன்னபோது எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொல்ல ஆசைதான்.

பழைய ரெக்கார்டிங்கில் வாலை மட்டும் நறுக்க முடியவில்லை, நான் மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் கூவியிருக்கிறேன் என்றான் ஸ்ரீகாந்த். அதே லாட்ஜ் அறை, அதே தலையணை. இந்த முறை சுகிர்தாவும் சாம்சனும் கூட இருந்தார்கள். மேசையைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார்கள். "வாலாஜா வாலாஜா வாலாஜா, ஏறு ஏறு, போலாம்..." நாக்கு என்னைக் கேட்காமலே போய்விடுகிறது. திரும்ப, அதே கதை. மேசை இல்லாததால் என் தொடையைத் தட்டிவிட்டேன். முப்பது வருஷம் ஒரு ஊர்ப் பெயரை ரைட் இல்லாமல் முடித்ததில்லை இந்த நாக்கு.

"நைனா, கண்டக்டர் பக்கத்துல என்ன இட்டுக்கினு போ," என்றாள் சுகிர்தா அப்பாவிடம். வந்து என் முழங்கையைத் தேடிப் பிடித்தாள். "இப்ப சொல்லுங்க."

"வாலாஜா வாலாஜா வாலாஜா! எடம் கீது, ஏறு ஏறு..."

கிள்ளினாள். ஆள் பார்க்கத்தான் ஒல்லி. இன்னும் அந்த இடம் நீலமாக இருக்கிறது என்று நான் சொன்னால் அம்முலு மறுப்பாள், ஆனால் இருக்கிறது. இப்படியே ஒவ்வொரு ஊராகக் கிள்ளு வாங்கி முடித்தேன். "இது என் கைக்கு," என்றாள் காஞ்சிபுரத்துக்கு. வந்தவாசிக்கு, "இது டைவருக்கு." அப்புறம் எதற்கு என்று சொல்லாமலே கிள்ளினாள்.

இப்போதும் தினமும் காலையில் டீக்கடைக்குப் போகிறேன். பெட்டி கூவுகிறது. கடைசி "ஏறு"வுக்குப் பிறகு மூச்சை யாரோ சட்டென்று பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு சின்ன வெட்டு இருக்கும். மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கு முழங்கையில் தெரியும். சுகிர்தா படிக்கட்டுக்கு வருகிறாள். கட்டுப் பிரித்தாயிற்று, ஆனால் அந்த மணிக்கட்டு முழுசாகத் திரும்ப மாட்டேன் என்கிறது. கம்பியை இடது கையால் பிடித்து ஏறியவள், இப்போது குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் பிடித்து ஏறுகிறாள். ஏறி உள்ளே போன பிறகு சுப்ரமணி விசில் ஊதுகிறான்.

முத்து வாரத்தில் சில நாள் அந்த வண்டிக்கு வருகிறான். ஸ்டாண்டில் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்றும் சொல்ல முடியாது, ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறான், டிரைவர் அப்படித்தானே ஓட்டவேண்டும். நான் எழுந்து நிற்பேன். வண்டி போய்விடும். உட்கார்ந்துகொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை டீக்கடைக்கு நேராக வரும்போது வலது கையை ஜன்னலுக்கு வெளியே விட்டான். கதவுத் தகரத்தில் உள்ளங்கையால் டப் டப் என்று இரண்டு தட்டு. தலையைத் திருப்பவில்லை. டீ முழுவதும் என் வேட்டியில்.

"இன்னாபா ஆச்சு?" என்றார் டீக்கடைக்காரர்.

திட்டினானா, கூப்பிட்டானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாளைக்கும் அந்த வண்டிக்கு அவன்தான் என்று சுப்ரமணி சொன்னான். போய் நிற்கிறேன்.